மல்லேகுட்டை ஒலிபரப்பு நிலையம்: நாலு பக்க வரலாறு

மல்லேகுட்டை,
14-8-1957, புதன்.

மாப்பிள்ளை முனிவேலுக்கு எல்லப்பன் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். இரண்டரை வருஷமாக நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ உயிரோடு இருப்பது வருஷத்துக்கு ஒரு தடவை உன் அக்காவுக்கு வரும் பொங்கல் வாழ்த்திலிருந்து தெரிகிறது. அது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்குக் கரண்ட் வருகிறது. சூளகிரியிலிருந்து கம்பம் நட்டுக்கொண்டே வந்தவர்கள் நம் குட்டைக் கரையைத் தொட்டுவிட்டார்கள். போன வாரம் பிளாக் ஆபீசர் ஜீப்பில் வந்து, பூட்டிக் கிடக்கும் மைக் ரூமைத் திறக்கச் சொன்னார். சாவிக்குப் பூட்டு மசியவில்லை. கல்லால் தட்டித்தான் திறந்தார்கள். உள்ளே நீ இணைத்த பெட்டி, அதன் மேல் எலிப்புழுக்கை, மூலையில் நாலு ஒலிபெருக்கி ஹாரன். ஒரு ஹாரனுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. "ரேடியோ பெட்டி வெச்ச பஞ்சாயத்து எத்தனையோ பார்த்துட்டேன். சொந்தமா மைக் வெச்சு ஊர்ச் சேதி படிச்ச பஞ்சாயத்து இது ஒண்ணுதான்யா" என்றார் ஆபீசர். புதுக் கருவி கேட்டு மேலே எழுதப் போகிறாராம். அதற்கு நிலையத்தின் வரலாறு நாலு பக்கம் வேண்டுமாம். பஞ்சாயத்துத் தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். "எல்லப்பா, நீயே எழுதிக் குடுத்துடு. உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

கூத்தைப் பார். அந்த அறைக்குள் நான் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டவர்களே அதன் சரித்திரத்தை என்னிடம் கேட்கிறார்கள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் எட்டிப் பார்த்தேன்.

தீர்மானம் என்னவென்று உனக்குத் தெரியாது. நீதான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாயே. 1955 பிப்ரவரி 2, சந்தையில் மாடுகள் ஓடிப் பொரி விற்கும் கெம்பம்மா மிதிபட்டாளே, அதற்காகப் போட்டது. 'தொழில் தெரியாமல் ஹாரனை இறக்கிக் கட்டி விபத்துக்குக் காரணமான எல்லப்பன் இனி எக்காலத்தும் மைக் ரூமில் பணி செய்யக் கூடாது.' அந்த ஹாரனை இறக்கிக் கட்டியது யார் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும். அன்று அந்தப் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது நிலையம் திறக்கப் போகிறது. எனக்கு அந்த மைக் முன்னால் மறுபடியும் உட்கார வேண்டும், மாப்பிள்ளை. வேறு எந்த ஆசையும் எனக்கு மிச்சமில்லை.

அதனால் இரண்டு காரியம் செய். வரலாற்றுக்கு வேண்டிய தேதிகளையும் கருவி விவரங்களையும் எழுதி அனுப்பு. கூடவே, 'ஹாரனை இறக்கியது நான்' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் அக்கா செல்வம்மாளுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

எல்லப்பன்.


யஷ்வந்தபுரம், பெங்களூர்,
29-8-57.

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. கேட்ட விவரங்கள்:

ஆரம்பித்தது 1952 பொங்கலுக்கு மறுநாள். சர்க்கார் கொடுத்த ரேடியோ பெட்டியோடு ஓசூர் டூரிங் கொட்டகையில் கழித்துப் போட்ட ஆம்ப்ளிஃபையரைச் சேர்த்தேன். அதனால்தான் மைக் போட முடிந்தது. ஹாரன் நாலு. பள்ளிக்கூடக் கூரையில் ஒன்று, குட்டைக் கரையில் ஒன்று, மாரியம்மன் கோயில் அருகே ஒன்று, சந்தைமேட்டுப் புளியமரத்து உச்சியில் ஒன்று. எல்லாம் பாட்டரியில் ஓடியது. திங்கள் காலை பஸ் கூரையில் பாட்டரி ஓசூர் போகும், சார்ஜ் ஆகிச் செவ்வாய் சாயங்காலம் திரும்பும். அந்த இரண்டு நாளும் ஒலிபரப்பு கிடையாது. மற்ற நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம். சந்தை நாளில் மட்டும் காலையிலும் உண்டு.

நீங்கள் மூன்று மொழியில் படித்தது எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. பாட்டரி வீண் என்று சண்டை போட்டேன். தமிழ் முடிந்து தெலுங்கு, தெலுங்கு முடிந்து கன்னடம். ஒரே சேதிக்கு மூன்று மடங்கு கரண்ட். அதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே தொழிற்சாலையில் ஒரு இன்ஜினீயர் சொன்னார், அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊருக்குக்கூட டெலிவிஷன் நிலையம் இருக்கிறதாம். பேசுகிற ஆளின் முகம் வீட்டுக்குள் பெட்டியில் தெரியுமாம். நான் மல்லேகுட்டையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அந்த நாளைப் பற்றி 'ஹாரன் தாழ்வாக இருந்தது' என்று எழுதினால் போதும். யார் என்பது இனி எதற்கு. அக்காவின் கால்வலி எப்படி இருக்கிறது?

முனிவேல்.


மல்லேகுட்டை,
7-9-57.

மாப்பிள்ளைக்கு,

பாட்டரி எந்தப் பஸ்ஸில் போனது என்பதுவரை நினைவு வைத்திருக்கிறாய். நான் கேட்ட ஒரு வரி மட்டும் உனக்கு எதற்கு என்று ஆகிவிட்டது. நல்லது.

டெலிவிஷன் நம் ஊரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அன்றைய சந்தையை ஊர் ஊராகப் படமும் காட்டியிருப்பார்கள்.

வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு பக்கம் சுலபமாக வந்தது. காணாமல் போன மாட்டுக்கு நாம் மணி அடித்த கதையைத்தான் அதிகம் எழுதினேன். ஆபீசருக்குப் புரிய வேண்டும் என்று விளக்கமாகவே எழுதினேன். ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்து ஊர்களில் மந்தையின் முன்னால் போகும் தலைமாட்டுக்கு மட்டும்தான் மணி கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு மணியின் சத்தம் வேறு. காட்டுக்குள் வழிதவறிய மாடு யாருடைய கொல்லையிலாவது வந்து நின்றால், வெள்ளை மாடு, வளைந்த கொம்பு என்று மைக்கில் சொல்லி என்ன பிரயோசனம்? அப்படி நூறு மாடு இருக்கும். அதன் கழுத்து மணியை அவிழ்த்துக்கொண்டு வந்து மைக் முன்னால் மூன்று முறை ஆட்டினோம். சொந்தக்காரன் டீக்கடையில் இருந்தாலும் குட்டையில் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்தான். மூன்று வருஷத்தில் முப்பத்தேழு மாடு வீடு போய்ச் சேர்ந்தது. இதை நினைத்தது நீ. எழுதும்போது உன் பெயரைத்தான் போட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அன்று நடந்ததை உனக்கு நான் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. நீ அப்போது வயர் பார்க்கக் குட்டைப் பக்கம் போயிருந்தாய். சந்தை நாளில் மணி அடிக்கக் கூடாது என்பது நாம் இருவரும் போட்ட சட்டம்தான். மாடுகள் கூடி நிற்கும் இடத்தில் எதற்கு வம்பு என்று. ஆனால் நஞ்சம்மா ஜவளகிரியிலிருந்து இரண்டு நாள் வழி வந்து நின்றாள். கையில் மணி. யாருடைய மாடோ பத்து நாளாக அவள் கேழ்வரகுப் போரைத் தின்கிறது. "இன்னிக்கு உட்டா எனக்கு வர தோதில்ல சாமி, ஒரே ஒரு தரம் அடி" என்று கெஞ்சினாள். அடித்தேன். அது என் தப்பு, யாரிடமும் மறைத்ததில்லை.

சந்தையில் விற்க ஒருவன் ஓட்டி வந்த பதினெட்டு மாடு நின்றுகொண்டிருந்தது. அந்த மந்தையின் தலைமாடுதான் காணாமல் போனது. மாடுகள் மிரண்டு ஓடின என்று ஊரில் சொல்கிறார்கள். மிரளவில்லை, மாப்பிள்ளை. தலைமாடு வந்துவிட்டது என்று நினைத்து ஓடின. ஹாரன் புளியமரத்து உச்சியில் இருந்திருந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றிருக்கும். முந்தின நாள் நீ அதை இறக்கி மாட்டுச் சந்தை ஓரத்தில் ஆள் உயரக் கம்பத்தில் கட்டியிருந்தாய். கயிற்றை அறுத்துக்கொண்டு பதினெட்டும் அந்தக் கம்பத்துக்கு வந்தன. கம்பத்தடியில் கெம்பம்மா பொரிக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் இடுப்பு உடைந்தது. இன்றுவரை நடக்கவில்லை.

நான் இப்போது புளி மண்டியில் தராசு பிடிக்கிறேன். நாளெல்லாம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லாத வேலை. வீட்டில் நான் சாப்பாடு போடச் சொன்னால்கூட மைக்கில் சொல்வதுபோல் சத்தமாக வருகிறதாம், உன் அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எல்லப்பன்.


பெங்களூர்,
22-9-57.

மாமாவுக்கு,

நான் உங்களைப் பழி ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகச் சொன்னீர்கள். அக்கா கேட்டாள், நீங்கள் சொன்னீர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் நான் அங்கேதான் இருந்தேன். பஞ்சாயத்துக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தபோது சுவருக்குப் பின்னால் நின்றேன். 'ஹாரனை இறக்கியதும் நான்தான்' என்று நீங்கள் சொன்னது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. உள்ளே போய் இல்லை என்று சொல்ல நாலு அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. காலையில் பஸ் ஏறிவிட்டேன். இதைத் தவிர நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஏன் இறக்கினேன் என்று நீங்கள் அன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் திங்களும் செவ்வாயும் பஸ் ஓடவில்லை, பாட்டரி சார்ஜுக்குப் போகவில்லை. சத்தம் பாதிகூட வராது. மாட்டு வியாபாரிகள் தங்களுக்குக் கேட்பதில்லை என்று ஏற்கெனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இறக்கிக் கட்டினால் கொஞ்சக் கரண்டில் நன்றாகக் கேட்கும். ஒரு நாளைக்குத்தானே என்று யாரிடமும் சொல்லாமல் கட்டினேன். வேலை தெரிந்தவன் செய்த தப்பு அது. தெரியாதவன் செய்ததாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உங்களுக்காக மட்டும் வருத்தம் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே நான் இன்னும் தற்காலிகம்தான். டிசம்பரில் நிரந்தரம் ஆக வேண்டும். அதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என்மேல் எந்த விசாரணையும் நடந்ததில்லை, எந்த விபத்துக்கும் நான் காரணமில்லை என்று. நீங்கள் கேட்கும் ஒரு வரியை நான் எழுதினால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஜனவரிவரை பொறுங்கள் மாமா.

முனிவேல்.


(தபால் கார்டு)
மல்லேகுட்டை,
10-10-57.

மாப்பிள்ளைக்கு,

ஜனவரிவரை பொறுக்க நான் தயார். பிளாக் ஆபீசர் தயாராக இல்லை. நீ சொன்னபடியே 'ஹாரன் தாழ்வாகக் கட்டப்பட்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். 'கட்டியது யார்?' என்று சிவப்பு மையில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய தீர்மானத்தைப் பார்த்து என் பெயரையே எழுதித் தரச் சொல்கிறார் தலைவர். மைக்குக்கு ஓசூரிலிருந்து ஒரு பையனைப் பார்த்திருக்கிறாராம். மொழிவாரியாக எல்லை பிரித்தாகிவிட்டது, இனி தமிழ் மட்டும் போதும் என்றும் சொல்கிறார். இதற்குமேல் உன்னைக் கேட்க மாட்டேன். கார்டில் எழுதியதால் தபால்காரர் ராமப்பனும் படித்திருப்பார். படிக்கட்டும்.

எல்லப்பன்.


பெங்களூர்,
3-11-57.

மாமாவுக்கு,

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே சாலையோரத்தில் ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிட்டே போன பிறகுதான் அக்கா என்று தெரிந்தது. பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். எந்தத் தொழிற்சாலை என்று தெரியாமல் மூன்று கேட்டில் விசாரித்திருக்கிறாள். உங்களிடம் சூளகிரி வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

தபால்காரர் ராமப்பன் கார்டை நிறுத்தி நிதானமாகப் படித்து அவளிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் நினைத்தபடிதான்.

நான் ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசினாள். "அன்னிக்கு அவுரு கையைப் புடிச்சிக்கிட்டுப் பொய் சொல்லச் சொன்னவ நானு. உனக்கு இனி எங்கயும் வேல கெடைக்காமப் போயிருமேன்னு பயந்தேன். அவுரு ஒண்ணுமே கேக்கல, சரின்னாரு. இப்ப வூட்ல அந்த மனுசன் பேசறதே இல்லடா. சத்தமா வருதுன்னு நான் ஒருநா சிரிச்சேன், அன்னியோட அதும் நின்னுபோச்சு. உன் வேலயும் எனக்கு வேணும், அவுரு பேச்சும் எனக்கு வேணும். எதைக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்" என்றாள். அழவில்லை. களைத்துப் போயிருந்தாள். நான்தான் ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அடுத்த நாள் காலை தபாலாபீசில் வைத்து எழுதினேன். 1-2-1955 அன்று ஹாரனை இறக்கிக் கட்டியது நான், பாட்டரி பலவீனமாக இருந்ததால் செய்தேன், எல்லப்பனுக்கு அதில் பங்கில்லை என்று. பிளாக் ஆபீசருக்கு ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. ஒரு பிரதியை இங்கே என் சூப்பர்வைசரிடமும் கொடுத்துவிட்டேன். பிறகு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டேன். அவளை எதுவும் கேட்காதீர்கள். சூளகிரிக்குத்தான் போய்வந்தாள்.

முனிவேல்.


மல்லேகுட்டை,
24-11-57.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா சூளகிரியிலிருந்து வந்தவள் பெங்களூர் கத்தரிக்காய் ஒரு பை கொண்டுவந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் தபால் வேலை செய்துவிட்டது. பழைய தீர்மானத்தை ரத்து செய்து நேற்றுக் கையெழுத்தானது. பொங்கலுக்கு மறுநாள் நிலையம் திறப்பு, முதல் சேதி படிப்பது எல்லப்பன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஓசூர்ப் பையன் வரவில்லை. தமிழ் மட்டும் போதும் என்பதற்கும் நான் ஆபீசரிடம் வாயாடி மூன்று மொழிக்கும் அனுமதி வாங்கிவிட்டேன். சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதில் கேட்டால் புரிந்துகொள்வார்கள் என்று நீங்களே ஒரு புதன்கிழமை வந்து பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். மனசு நிறைந்து சொல்ல முடியவில்லை, அதற்குக் காரணம் நீ இல்லை.

உன் தபாலில் 'எல்லப்பனுக்கு அதில் பங்கில்லை' என்று எழுதியிருக்கிறாய். அது சரியில்லை. ஹாரன் இறங்கியிருந்ததை அன்று காலையிலேயே நான் பார்த்தேன். கம்பத்தடியில் கெம்பம்மா கடை போடுவதையும் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் குரல் சந்தையில் அவ்வளவு கணீரென்று கேட்டது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இத்தனை நாளும் நான் எவரிடமும் சொல்லவில்லை, உன் அக்காவிடம்கூட.

இன்னொன்று. தீர்மானத்தை ரத்து செய்யும்போது பழைய பைலைத் திறந்தார்கள். நான் அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை இரண்டரை வருஷம் கழித்துப் படித்தேன். அன்று படிக்காமலேதான் போட்டேன். கடைசி வரி: 'மேற்படி கெம்பம்மா, கம்பத்தடியில் யாரும் அமரக் கூடாது என்ற எச்சரிக்கையை மீறி அமர்ந்திருந்தார்.' அப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது. கம்பம் நட்டதே முந்தின நாள் சாயங்காலம். பதினோரு வருஷமாக அவள் அந்த இடத்தில்தான் பொரி விற்றாள். கம்பம்தான் அவளிடம் வந்தது. அந்த ஒரு வரியால் அவளுக்குச் சர்க்கார் உதவி எதுவும் கிடைக்கவில்லை. சொல்பேச்சு கேட்காதவள் என்று ஊரில் பெயர் வேறு. அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

உன்னிடம் ஒரு வரிக்காக மாசக்கணக்கில் மல்லுக்கு நின்றேன். நான் போட்ட வரி அங்கே கிடக்கிறது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலோடு கிடக்கிறாள். மருமகள் முனிலட்சுமிதான் பார்த்துக்கொள்கிறாள். அந்த வரியைத் திருத்தச் சொல்லித் தலைவரிடம் கேட்கிறேன் என்றேன். சிரித்துவிட்டாள். "காகிதத்த யாரு நோடறாங்க, யாரு படிக்கறாங்க? ஊரெல்லாம் மாடு காணாமப் போனா சொன்னே, ஆளு செத்தா சொன்னே, மழை வந்தா சொன்னே. என் மேல தப்பில்ல, நான் தப்பு மாடிலன்னு ஒருநாளும் நீ சொல்லலியே எல்லப்பா" என்றாள். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள், உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைவரைக் கேட்டேன். "ரத்தானது ரத்தாச்சு. அதை எதுக்கு நோண்டறே? நீ அன்னிக்குப் பொய்யில கையெழுத்து வெச்சேன்னு ஆயிட்டா, நாளைக்கு எந்த மொகத்தோட உன்ன மைக்ல உக்கார வெப்பேன்?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லப்பன்.


பெங்களூர்,
10-12-57.

மாமாவுக்கு,

என் நிரந்தரம் ஆறு மாசம் தள்ளிப் போய்விட்டது. வேலையை விட்டு அனுப்பவில்லை. 'உண்மையைச் சொன்னதற்கு ஆறு மாசம், மறைத்திருந்தால் வீட்டுக்கு' என்றார் சூப்பர்வைசர். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் ஏற்றுக்கொண்டேன். இதில் உங்களுக்கு ஒரு வருத்தமும் வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கெம்பம்மாவின் விஷயத்தை இப்போது கையில் எடுக்காதீர்கள். எழுத்து மூலமாக ஆபீசருக்குத் தெரியப்படுத்துங்கள், மெல்ல நடக்கட்டும். நீங்கள் மனசில் வைத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரிகிறது. மைக்கில் சொல்லப் போகிறீர்கள். சொன்னால் அன்றைக்கே மைக்கிலிருந்து உங்களை எழுப்பிவிடுவார்கள். இவ்வளவுக்கும் பிறகு அது நடந்தால் நான் எழுதிய வரியும் வீண், அக்கா வந்துபோனதும் வீண்.

உங்கள்மேல் எனக்கு இரண்டரை வருஷம் கோபம் இருந்தது. என் தப்பை நீங்கள் எடுத்துக்கொண்டதற்காகக் கோபம். பைத்தியக்காரத்தனம்தான். இப்போது அது இல்லை. நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவது எனக்கு வேண்டும். எனக்காகக் கொஞ்ச நாள் சும்மா இருங்கள்.

கெம்பம்மா வீட்டுக்கு நான் எழுதலாமா? என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முனிவேல்.


மல்லேகுட்டை,
17-1-1958, வெள்ளி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றைக்கு முந்தின நாள், புதன்கிழமை, நிலையம் திறந்தது. சந்தை நாளும் அதுவே. புதுப் பெட்டி சின்னதாக இருக்கிறது, சூடாவதில்லை. கரண்டில் ஓடுவதால் ஓசூருக்கு எதையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஹாரன் மூன்றுதான் கொடுத்தார்கள். சந்தைமேட்டு ஹாரன் பழையபடி புளியமரத்து உச்சியில். நான் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஆபீசர், தலைவர், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லாரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உன் அக்கா வாசலில் நின்றாள். நாலு பக்க வரலாற்றை நானே படிப்பது என்று ஏற்பாடு. 1952 பொங்கலில் ஆரம்பித்ததிலிருந்து முப்பத்தேழு மாடு வரைக்கும் படித்தேன். உன் பெயர் வந்த இடத்தில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் பக்கம் வந்தது.

நீ கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை. முந்தின நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசலாம், சாகும்வரை பேசலாம். ஆனால் தினமும் அவள் கட்டிலில் கிடந்து கேட்பாளே. மழையையும் மாட்டையும் சொல்கிறவன் இதை விட்டுவிட்டுப் போகிறான் என்று கேட்டுக்கொண்டே கிடப்பாளே. அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. நீ எழுதிய வரி வீண் இல்லை, மாப்பிள்ளை. நீ எழுதாமல் இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு மைக் கிடைத்திருக்காது.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். பொரி விற்கும் கெம்பம்மா பதினோரு வருஷமாக உட்கார்ந்த இடத்தில்தான் அன்றும் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எச்சரிக்கவில்லை. கம்பம் முந்தின நாள்தான் அவள் பக்கத்தில் நடப்பட்டது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் எச்சரிக்கையை மீறினாள் என்ற பொய்யில் கையெழுத்துப் போட்டவன் எல்லப்பனாகிய நான். இதைத் தமிழில் சொன்னேன். தலைவர் எழுந்து வாசலுக்கு வந்தார். தெலுங்கில் சொன்னேன். "போதும் நிறுத்து" என்றார். உன் அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், நகரவில்லை. அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வர அவருக்கு மனசில்லை. கன்னடத்திலும் சொல்லி முடித்தேன். அதன் பிறகு நானே சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலமே எழுத்து வந்துவிட்டது. பொய்க் கையெழுத்துக்காக நீக்கம். ஆபீசர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கெம்பம்மாவின் பெயரை உதவிக்கு மறுபடியும் அனுப்புவதாக முனிலட்சுமியிடம் சொல்லியிருக்கிறாராம். ஓசூர்ப் பையன் நாளை வருகிறான். திங்கள்கிழமை நான் மறுபடியும் புளி மண்டிக்குப் போகிறேன். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யில் கையெழுத்துப் போட்டதாகிவிடும். வருத்தமாகத்தான் இருக்கிறது. மிகவும்.

எழுத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டதா என்றேன். மூன்று ஹாரன்தான் என்பதால் அவள் தெருப் பக்கம் இந்தத் தடவை ஒன்றும் கட்டவில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. தூரத்தில் ஏதோ குரல் கேட்டதாம், என் குரல் என்பது தெரிந்ததாம். தன் பெயர் வந்ததும் தெரிந்ததாம். என்ன சொன்னேன் என்பது கேட்கவில்லையாம். "கன்னடதல்லி ஹேளு" என்றாள்.

கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து கன்னடத்தில் முதலிலிருந்து சொன்னேன். என் குரல் சத்தமாக வந்தது போலிருக்கிறது. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடச் சொல்லி முனிலட்சுமியிடம் கையைக் காட்டினாள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும், இன்னொரு தடவை சொல்லு என்றாள்.

எல்லப்பன்.